பஜாரின் எல்லை: தலவாக்கலை – லிந்துலை நகர சபையை முன்வைத்துச் சில குறிப்புகள்

நுவரெலியா மாவட்டத்தில் உள்ளூராட்சி மன்றங்கள் 12. மாநகர சபை ஒன்று, நகர சபைகள் இரண்டு, மிச்சம் ஒன்பதும் பிரதேச சபைகள். அந்த இரண்டு நகர சபைகளின் பெயரையும் கொஞ்சம் பாருங்கள்: ஹட்டன் – டிக்கோயா, தலவாக்கலை – லிந்துலை. இரண்டுமே இரட்டைப் பெயர், நடுவில் ஒரு சின்னக் கோடு. காகிதத்தில் அது கோடு. நேரில் போய்ப் பார்த்தால் தேயிலை மலை. ஹட்டனிலிருந்து நுவரெலியா போகிற பஸ் தலவாக்கலைக் கடைத்தெருவை விட்டதும் தோட்டங்களுக்கு நடுவே ஏறி வளைந்து, பிறகு லிந்துலைக் கடைத்தெருவில் வந்து நிற்கும். ரெண்டு பஜார், ஒரு சபை. இந்த ரெண்டு பஜாரையும் வாழ வைக்கிற சனம் சுற்றியுள்ள லயங்களில் இருக்கிறது. அந்தச் சனத்தில் பெரும்பகுதி சபையின் எல்லைக்கு வெளியே.

மலையக முஸ்லிம்களின் வரலாற்றை எழுத வருகிறவர்கள் வழமையாகப் பள்ளிவாசல் கட்டிய ஆண்டிலிருந்து தொடங்குவார்கள். யார் காணி கொடுத்தார், முதல் நிருவாக சபையில் யார் யார் இருந்தார்கள், எந்த ஹாஜியார் மினாரா கட்டித் தந்தார் என்று போகும். தேவைதான். ஆனால் பள்ளியைக் கட்டிய மனிதர் வாரத்தில் ஆறு நாள் கடையில் இருந்தார். அந்தக் கடைக்கு இலக்கம் போட்டது, வரி விதித்தது, வாய்க்கால் வெட்டியது, இறைச்சிக் கடையை ஏலம் விட்டது, மையவாடியைப் பதிவு செய்தது எல்லாம் சபை. அந்தப் பக்கம் நம்ம ஆட்கள் போவதேயில்லை. யூசி கந்தோர் என்றால் வரி கட்டுகிற இடம், அவ்வளவுதான்.

நகர சபையின் மாதக் கூட்டம் என்ன மாதிரி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போன மாதக் கூட்டறிக்கையை உறுதிப்படுத்துவார்கள். வரவு செலவுக் கணக்கு வரும். வந்த கடிதங்கள் வாசிக்கப்படும். அப்புறம் தெருவிளக்கு, அடைபட்ட வாய்க்கால், சந்தைக் கடைக் குத்தகை, கட்டட வரைபட அனுமதி, குடிதண்ணீர், தெருநாய், மலசலகூடம். ஒரு மெம்பர் தன் வட்டாரத்து ஒழுங்கைக்கு கொங்கிரீட் கேட்பார். சேர்மன் "பார்ப்பம்" என்பார். இதில் வரலாறு எங்கே இருக்கிறது என்று கேட்டால், இந்த அலுப்பான பட்டியலுக்குள்ளேயேதான் இருக்கிறது. யார் கடிதம் எழுதினார், யாருடைய ஒழுங்கைக்கு கொங்கிரீட் வந்தது, கடிதமே எழுத முடியாத நிலையில் யார் இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது? கோப்பிக் காலத்தில் மலையகத்துக்குத் தேவைப்பட்டது பாதை. 1861 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க வீதிக் கட்டளைச்சட்டத்தின் கீழ் மாகாண வீதிக் குழு, மாவட்ட வீதிக் குழு என்று அமைத்தார்கள். அங்கே பேசப்பட்டதெல்லாம் மூட்டை எப்படிக் கீழே இறங்கும் என்பதே. கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தது. 1884 இல் ரயில் ஹட்டனைத் தொட்டது. மறு வருடம் நானுஓயா வரை போனது. தலவாக்கலை இந்த இரண்டுக்கும் நடுவே. ரயில் நின்ற இடத்தில் கடை முளைத்தது. கடை முளைத்த இடத்தில் சாக்கடையும் காய்ச்சலும் முளைத்தன. துரைமாருக்கு அதுதான் கவலை. பஜாரில் வரும் வாந்திபேதி லயத்துக்கு ஏறினால் கொழுந்தெடுக்க ஆள் இல்லை.

1865 இன் மாநகர சபைச் சட்டம் கொழும்பு, கண்டி மாதிரிப் பெரிய ஊர்களுக்கு. 1876 இன் லோக்கல் போர்ட் சட்டம் நடுத்தர ஊர்களுக்கு. மலையகத்துக் கடைத்தெருக்கள் போன்ற சின்ன இடங்களுக்கு வந்தது 1892 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சிறுபட்டினச் சுகாதாரக் கட்டளைச்சட்டம். இதன் கீழ் வந்ததுதான் செனிட்டரி போர்ட். அதில் தேர்தல் கிடையாது. அரசாங்க அதிபர் தலைமை; கூட இருந்தவர்கள் பொறியியலாளர், வைத்திய அதிகாரி மாதிரி ஆட்களும் நியமனம் பெற்றவர்களும். பஜாரை ஒரு சமூகமாக அவர்கள் பார்க்கவில்லை, நோய் வரக்கூடிய ஓர் இடமாகப் பார்த்தார்கள். நமது பட்டினங்களின் உள்ளூராட்சி பிறந்த தொட்டில் இதுதான். இன்றைக்கும் நகர சபையின் வேலையில் பாதி பீஎச்ஐயின் வேலையாக இருப்பதற்குக் காரணமும் அந்தப் பிறப்புத்தான்.

அந்தக் காலத்து நுவரெலியாவைப் பற்றிப் பேசினால் ஒருவரை விட்டுவிட்டுப் போக முடியாது. சீ. ஜே. ஆர். லெ மெசூரியர் அங்கே உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். 1893 இல் வெளிவந்த நுவரெலியா மாவட்டக் கைந்நூல் அவருடையது. வலப்பனைப் பகுதியில் நெல்வரி கட்ட முடியாத குடியானவர்கள் காணியை இழந்து பட்டினியில் செத்ததை எழுதி வெளியே கொண்டுவந்தவர். பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவினார். விவாகப் பிரச்சினையும் அதில் கலந்திருந்தது, அரசாங்க உத்தியோகத்தோடு பெரிய பிணக்கும் வந்தது, அது வேற கதை. நம்மவர் எழுதுகிற கட்டுரைகளில் அவர் "இஸ்லாத்தைத் தழுவிய வெள்ளைக்காரர்" என்ற ஒரு வரியாக மட்டுமே வருகிறார். எனக்கு அவருடைய நெல்வரிக் கணக்குத்தான் முக்கியமாகப் படுகிறது. வரி இடாப்பைப் படித்து அதற்குள் பிணத்தைக் கண்ட அதிகாரி அவர். அந்தப் படிப்பு முறைதான் நமக்கு வேணும்.

1920 இன் உள்ளூராட்சிக் கட்டளைச்சட்டம் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்களுக்கு இடம் திறந்தது. 1939 ஆம் ஆண்டின் 61 ஆம் இலக்க நகர சபைகள் கட்டளைச்சட்டம் இன்றுவரை நகர சபைகளின் அடிப்படைச் சட்டம். 1946 இல் பட்டின சபைகள் வந்தன, அதே வருடம் 53 ஆம் இலக்க உள்ளூர் அதிகாரசபைகள் தேர்தல் கட்டளைச்சட்டமும் வந்தது. இந்தச் சீர்திருத்தங்களில் பலவற்றின் பின்னால் 1936 முதல் உள்ளூராட்சி அமைச்சராக இருந்த எஸ். டபிள்யூ. ஆர். டீ. பண்டாரநாயக்க நின்றார். செனிட்டரி போர்டின் நியமன ஆட்சி போய், வாக்குப் போட்டு மெம்பரைத் தெரியும் காலம் வந்தது. யார் வாக்குப் போடலாம் என்பதில்தான் சிக்கல்.

1937 இல் கிராமச் சமூகங்கள் கட்டளைச்சட்டத்தைத் திருத்தினார்கள். கிராமச் சங்கத் தேர்தலில் தோட்டத்து ஆட்களுக்கு வாக்கு இல்லாமல் செய்வது அதில் ஒரு பகுதி. முதலில் இந்தியத் தொழிலாளர் என்று பெயர் சொல்லியே விலக்கப் பார்த்தார்கள். இந்திய அரசாங்கம் ஆட்சேபித்தது. உடனே இனப்பெயரை எடுத்துவிட்டு, தோட்ட லயங்களில் குடியிருக்கும் தொழிலாளர் என்று எழுதினார்கள். சொல் மாறியது, ஆள் மாறவில்லை. 1939 இல் நேரு வந்தபோது இருந்த கசப்பில் இதுவும் ஒரு பங்கு. அந்த வருகையின்போதுதான் இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிறந்தது.

இதைக் கடைக் கண்ணால் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். பஜாரின் வருமானம் எங்கிருந்து வந்தது? சம்பளம் போட்ட அடுத்த ஞாயிறு சந்தையைப் பார்த்தவர்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. கருவாடு, மிளகாய், துணி, பீடி, பிள்ளைக்கு ஒரு சட்டை. கடைக்காரர் கட்டிய மதிப்பீட்டு வரி, சந்தைக் குத்தகை, வியாபார லைசன் எல்லாம் கருவாட்டு விலையில் ஏறி உட்கார்ந்துதான் கந்தோருக்குப் போனது. ஆகவே லயத்து மனிதர் சபைக்கு மாதாமாதம் வரி கட்டினார். பற்றுச்சீட்டு மட்டும் அவர் பெயரில் இல்லை. பஜாரின் வாய்க்காலும் தெருவிளக்கும் அந்தப் பணத்தில் வந்தவை. லயத்துக்கு வாய்க்கால் வெட்டுவது துரையின் பொறுப்பு என்று சபை கையை விரித்தது. துரைக்கோ அது செலவு.

அடுத்தது 1948. இங்கே நம்ம ஆட்கள் மெதுவாகக் கடந்து போகிற இடம் ஒன்று இருக்கிறது.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு ஆசனம் வென்றது. தலவாக்கலைத் தொகுதியில் வென்றவர் சி. வி. வேலுப்பிள்ளை, மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த எழுத்தாளர். அடுத்து வந்தது 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். பிறகு 1949 இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். அதே வருடம் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜை அல்லாதவரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. 1952 தேர்தலில் அந்த ஏழு ஆசனங்களில் ஒன்றுகூட அவர்களிடம் மிஞ்சவில்லை. மலையக மக்களின் பிரதிநிதி ஒருவர் தேர்தலில் நின்று வென்று நாடாளுமன்றம் போக மறுபடி 1977 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. உள்ளூர் சபைகளின் வாக்காளர் பட்டியலும் நாடாளுமன்ற இடாப்பிலிருந்து எடுக்கப்படுவதால், அங்கே வெட்டுப்பட்ட பெயர் இங்கேயும் வெட்டுப்பட்டது.

இரண்டாவது சட்டத்தின் பெயரில் "பாகிஸ்தானிய" என்ற சொல் எதற்கு என்று யோசித்திருக்கிறீர்களா? அந்தச் சொல் நம்மையும் தொடுகிறது. 1946 குடிசன மதிப்பின்படி இலங்கையில் இந்தியச் சோனகர் சுமார் 35 ஆயிரம் பேர். காயல்பட்டினம், கீழக்கரை, தொண்டிப் பக்கமிருந்து வந்த வியாபாரக் குடும்பங்கள், அவர்களின் கணக்குப்பிள்ளைகள், கடைப் பொடியன்கள். மலையக பஜார்களில் இவர்கள் கணிசமான பேர். வாப்பா இங்கே, உம்மா ஊரில் என்று இருந்த குடும்பங்கள். பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களையும் லயத்து மக்களோடு ஒரே வலையில் பிடித்தது. ரெண்டு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், தொடர்ந்து இங்கே வசித்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை கப்பலேறி ஊருக்குப் போய் வந்த ஆளுக்கு "தொடர்ந்து" என்ற சொல் எவ்வளவு கொடுமையானது! மொத்தத்தில் அந்தச் சட்டத்தின் கீழ் பிரஜையானவர்கள் சுமார் 1,34,000 பேர். விண்ணப்பித்தவர்களோ எட்டு இலட்சத்துக்கு மேல்.

ஆனால் பஜாரில் இருந்த எல்லா முஸ்லிம்களும் இந்தியச் சோனகர் அல்லர். கண்டி, மாவனல்லை, கம்பளை, அக்குறணைப் பக்கமிருந்து ஏறி வந்த இலங்கைச் சோனகரும் இருந்தனர், மலாயரும் இருந்தனர். இவர்களுக்கு வாக்கு இருந்தது. இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள தோட்டங்கள் எல்லைக்கு வெளியே. எல்லைக்கு உள்ளே இருந்த தமிழ்க் கடைக்காரர், சலூன்காரர், சுத்திகரிப்புத் தொழிலாளி ஆகியோரில் ஏராளமானோர் இடாப்புக்கு வெளியே. மிச்சம் யார்? சிங்கள வியாபாரிகளும் இலங்கைச் சோனகரும் பதிவுப் பிரஜையான சிலரும். இப்படிப்பட்ட சின்ன பட்டினத்தில் முஸ்லிம் வாக்கின் எடை அதன் தலைக்கணக்கை விடக் கூடுதலாகத்தான் இருந்திருக்கும். 2012 இலும் நுவரெலியா மாவட்டத்தின் ஏழு இலட்சத்துச் சொச்சம் மக்களில் நாம் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். மலையகப் பட்டினங்களில் நம் முன்னோர் சபை மேசையில் உட்கார்ந்ததை நாம் பெருமையாகச் சொல்கிறோம். அந்தக் கதிரைகளில் சில, பக்கத்து மனிதர் எழும்பிப் போக வைக்கப்பட்டதால் காலியான கதிரைகள்.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். அன்றைய அமைச்சரவையில் தொழில், சமூக சேவை அமைச்சராக இருந்தவர் டீ. பி. ஜாயா. ஸாஹிறாவைக் கட்டியெழுப்பிய மனிதர், நம் கல்விக்குச் செய்ததை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. தோட்டத் தொழிலாளியின் வாக்கைப் பறித்த ஆட்சியில் தொழில் அமைச்சு அவர் கையில் இருந்தது என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுகிற துணிவு ஆய்வுக்கு இருக்க வேணும். சுதந்திர காலத்து முஸ்லிம் தலைமை பெரும்பான்மைக் கட்சியோடு சேர்ந்து போனதால் நமக்குக் கிடைத்ததைப் பற்றி நூல்கள் இருக்கின்றன. அதன் விலையை வேறொருவர் கொடுத்ததைப் பற்றி எழுதுவதற்கு மலையக பஜாரைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. அதே பஜாரில் நம்மவரிலேயே ஒரு பகுதி அந்த விலையைச் சேர்ந்து கொடுத்தது.

இதையெல்லாம் ஊகமாகவே வைத்திருக்கத் தேவையில்லை. மதிப்பீட்டு வரி இடாப்பு என்று ஒரு ஏடு ஒவ்வொரு நகர சபையிலும் உண்டு. தெரு, இலக்கம், கட்டடத்தின் விவரம், உரிமையாளர், குடியிருப்பவர், ஆண்டுப் பெறுமதி என்று நிரல் நிரலாக இருக்கும். வரி காலாண்டுக்கு ஒருமுறை. வருட வரியை ஜனவரி 31 க்கு முன் மொத்தமாகக் கட்டினால் நூற்றுக்கு 10 கழிவு, காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5. கட்டாவிட்டால் பிடியாணை வரும், கடைச் சாமானைத் தூக்கலாம். ஜனவரி மாதக் கடைசியில் யூசி வாசலில் நிற்கிற வரிசையைப் பார்த்தால் அந்த 10 வீதத்தின் மகிமை விளங்கும்.

அந்த உரிமையாளர், குடியிருப்பவர் என்ற ரெண்டு நிரலும் நமக்குத் தங்கம். பழைய கடைக்காரர் பெயர் அங்கே பெயராக வராது, விலாசமாக வரும்: சீனா மூனா, கானா ஊனா என்று. 1949 க்கு முன் ஒரு கடையின் குடியிருப்பவர் நிரலில் இருந்த விலாசம், 1955 இல் யாருடைய பெயராக மாறியது? தற்காலிக வதிவுப் பெர்மிட்டில் காலம் ஓட்டிய முதலாளி, கடையை இலங்கைப் பிரஜையான கூட்டாளிக்கோ மச்சானுக்கோ எழுதி வைத்தாரா? 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியபின் எத்தனை கடை கை மாறியது? வாய்மொழியாக இதைக் கேட்டால் ஒவ்வொரு குடும்பமும் தன் பக்கத்து நியாயத்தைத்தான் சொல்லும். இடாப்புக்கு மச்சான் மாமன் கிடையாது.

பள்ளிவாசலின் கதையும் அதே ஏட்டில் இருக்கிறது. வணக்கத் தலங்களுக்கும் இடுகாடுகளுக்கும் வரி விலக்கு உண்டு. ஆனால் பள்ளிக்கு வாடகை தருகிற கடைக்கு விலக்கு இல்லை. ஒரு கடை தனியார் பெயரிலிருந்து பள்ளியின் பெயருக்கு எந்த வருடம் மாறியது என்று பார்த்தால், வக்பு எப்போது நடந்தது என்பது தெரிந்துவிடும். பள்ளிவாசல்கள், வக்புகளுக்கான சட்டம் 1956 இல்தான் 51 ஆம் இலக்கமாக வந்தது. அதற்கு முந்திய வக்புகளுக்குப் பல ஊர்களில் பத்திரமே சரியாக இல்லை. வரி இடாப்பு அந்த இடத்தில் சாட்சி.

ஏலக் கோப்புகள் இன்னொன்று. மாடறுக்க அனுமதிப்பத்திரம் வழங்கும் சட்டம் 1893 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கம். அதன்படி உள்ளூர் சபைதான் அதிகாரி. இறைச்சிக் கடை உரிமையை வருடத்துக்கு வருடம் கேள்விப்பத்திரம் போட்டுக் குத்தகைக்கு விடுவார்கள். சபைக்கு அது உறுதியான வருமானம், நமக்கு உணவு, நமக்குள்ளே சண்டைக்கும் அது நல்ல காரணம். எந்த வருடம் போட்டி, எந்த வருடம் ஒரே ஆள், எந்த வருடம் சபை குத்தகையே விடாமல் தீர்மானம் எடுத்தது என்று பார்த்தால் ஊரில் சமூகங்களுக்கிடையில் இருந்த சூடு எவ்வளவு என்று வெப்பமானியில் பார்த்தாப்போலத் தெரியும். 2020 இல் மாடறுப்பைத் தடை செய்யும் யோசனைக்கு அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தபோது நாம் எல்லோரும் கொழும்பைத்தான் பார்த்தோம். அந்தச் சட்டங்கள் நாளாந்தம் நடைமுறையாவது சபை மேசையில் என்பது பலருக்கு அப்போதுதான் உறைத்தது.

மையவாடி விஷயமும் அப்படியே. இடுகாடுகள், பிரேத அடக்கம் பற்றிய 1899 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டப்படி, பதிவு செய்யாத இடத்தில் அடக்க முடியாது. மலைப் பட்டினத்தில் தட்டையான நிலம் அபூர்வம். ஜமாஅத் பெருகினால் மையவாடியை விரிக்கக் காணி வேணும், பக்கத்துக் காணியோ தோட்டத்துக் காணி. கொவிட் காலத்தில் ஜனாஸாக்களை எரிக்கச் சொன்ன கொடுமை 2021 பெப்ரவரி இறுதியில் நீங்கியபோது, நாடு முழுக்கவுள்ள ஜனாஸாக்களைச் சுமந்தது ஓட்டமாவடியின் மஜ்மா நகர். அந்த நிலத்தை நடத்தியது கோறளைப்பற்று மேற்குப் பிரதேச சபை என்ற ஒரு சாதாரண உள்ளூர் சபை. 3,600 க்கும் மேற்பட்ட உடல்கள், முஸ்லிம்கள் மட்டுமில்ல, மற்ற மதத்தாரும். மலையகத்து ஜனாஸாவும் அவ்வளவு தூரம் போய்த்தான் அடங்கியது. அந்தச் சபையின் ஊழியர் எழுதிய பதிவேடு இருக்கிறதே, அது நம் காலத்தின் ஆகப் பெரிய முஸ்லிம் ஆவணங்களில் ஒன்று. எழுதினவர்கள் அதை வரலாறு என்று நினைத்து எழுதவில்லை. குழி இலக்கம், பெயர், திகதி, அவ்வளவுதான்.

இனி எல்லைக் கதைக்கு வருவோம். 1981 இல் பட்டின சபைகளும் கிராம சபைகளும் இல்லாமல் போய் மாவட்ட அபிவிருத்தி சபைகள் வந்தன, அவையும் நிலைக்கவில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்தது. இதற்கிடையில் மலையக மக்கள் படிப்படியாகப் பிரஜைகளானார்கள்: 1988 இல் ஒரு சட்டம், 2003 இல் 35 ஆம் இலக்கச் சட்டம். வாக்கு வந்துவிட்டது. தோட்டமும் பிரதேச சபை எல்லைக்குள் வந்துவிட்டது. ஆனால் 33 ஆம் பிரிவு குறுக்கே நின்றது. தோட்டத்துக்குள் பிரதேச சபை தன் பணத்தைச் செலவழிக்க அந்தப் பிரிவு வழி விடவில்லை. வாக்குக் கேட்டு லயத்துக்குப் போன மெம்பர், வென்றபின் லயத்துப் பாதைக்கு ஒரு வண்டி கல் போடச் சட்டப்படி முடியாமல் திரும்பினார். இது 2018 வரை இருந்தது. திருத்தம் வந்தது அந்த வருடம்தான்.

இன்னொரு கணக்கும் அப்போதுதான் திருத்தப்பட்டது. நுவரெலியா, அம்பகமுவ என்ற ரெண்டே ரெண்டு பிரதேச சபைகள் இலட்சக்கணக்கான மக்களைச் சுமந்து நின்றன. மற்ற மாவட்டங்களில் அதில் ஒரு துண்டு சனத்துக்கே ஒரு சபை. மலையகக் கட்சிகள் பல வருடம் கேட்டதன் பின் அக்கரபத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா என்று நாலு புதிய பிரதேச சபைகள் பிறந்தன. 2018 பெப்ரவரி 10 தேர்தல் அந்தப் புதிய எல்லைகளில் நடந்தது. வட்டாரமும் விகிதாசாரமும் கலந்த முறை, பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு எல்லாம் அந்தத் தேர்தலில்தான் அறிமுகம். அதுவரை நாடு முழுவதிலும் உள்ளூர் சபைகளில் பெண்கள் நூற்றுக்கு ரெண்டு பேர் அளவுதான். நம் சமூகத்துப் பெண்கள் யூசி, பிரதேச சபை மேசைக்கு வந்ததும் இந்த ஒதுக்கீட்டின் கதவால்தான். எந்த ஜமாஅத்தும் தானாகத் திறந்து விட்ட கதவில்லை.

ஆனால் தலவாக்கலை – லிந்துலை போன்ற நகர சபைகளின் எல்லை அதே பஜார் எல்லைதான். சுற்றியுள்ள தோட்டங்கள் இப்போது பிரதேச சபைகளின் கணக்கில். குப்பை கொட்ட இடம் வேணும் என்றால் நகர சபை தோட்டத்திடம் கேட்க வேண்டும். தண்ணீர் ஊற்று தோட்டத்து மலையில். ஹட்டனில் குப்பைப் பிரச்சினை வருடக்கணக்கில் நாறியதற்கு அடிப்படைக் காரணமே இந்த நில நெருக்கடி. தலவாக்கலையில் மேல் கொத்மலை அணை 2012 இல் 150 மெகாவாட் மின்சாரத்தோடு வந்தபோது நிலத்தின் கணக்கு மறுபடி மாறியது. கடைத்தெருவை ஒட்டி ஏரி வந்தது, குடும்பங்கள் இடம் மாறின. வரி இடாப்பில் அந்தப் பக்கங்களும் தனியாகப் படிக்கத் தக்கவை.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போய் 2025 மே 6 இல்தான் நடந்தது. இடைப்பட்ட ரெண்டு வருடமும் செயலாளர்களே நடத்தினார்கள். கந்தோர் திறந்தது, வரி வாங்கினார்கள், விளக்கு எரிந்தது. சனத்துக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். செனிட்டரி போர்டின் நியமன ஆட்சியும் இப்படித்தான் ஓசையில்லாமல் நடந்திருக்கும். அந்த ரெண்டு வருடத்துக் கோப்புகளில் உத்தரவு இருக்கும், பற்றுச்சீட்டு இருக்கும். எழும்பி நின்று மறுத்துப் பேசிய மெம்பர் ஒருவரின் குரல் இருக்காது.

நமது வாசகர்களில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் மலையகத்து ஒரு பஜாரை எடுத்துக்கொள்ளலாம். முதலில் செயலாளரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, ஆனால் மரியாதையாகக் கேட்டாலே பல இடத்தில் அலுமாரி திறக்கும். பழைய ஏடுகள் இங்கிலீஷில், 1956 க்குப் பிந்தியவை மெல்ல மெல்லச் சிங்களத்துக்கு மாறும், அதற்கும் ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டறிக்கையை விட வரி இடாப்பை முதலில் பாருங்கள். மலைக் குளிரில் ஈரம் குடித்த கடதாசி, கரையான் வேறு. கையால் தொடாமல் ஃபோனில் படமெடுத்துக்கொள்வது நல்லது. தலவாக்கலையை எடுத்தால் வேலை பெரிது. லிந்துலைக் கடைத்தெரு சின்னது, அதன் பக்கங்கள் கிடைத்தால் 1940 க்கும் 1965 க்கும் இடைப்பட்ட கடைகளை ஒரு விடுமுறைக் காலத்துக்குள் நிரல் நிரலாக எழுதி முடித்துவிடலாம்.